வழிகாட்டியின் கூலி

சென்ற மார்கழித் திங்களில் ஒரு ஞாயிறன்று, கைத்தறிச் சங்க உறுப்பினர் பன்னிருவருடன் நாம் நஞ்சராயன் குளத்திற்குச் சென்றிருந்தோம். சங்கக் கணக்கைப் பார்வையிடப் போன இடத்தில், “நம் குளம் உலகப் பட்டியலில் ஏறிவிட்டதாமே” என்று ஒருவர் வினவியதே இப்பிரயாணத்திற்கு வித்தாயிற்று. அவர் கூற்று மெய்யே. திருப்பூருக்கு வடக்கே ஊத்துக்குளி வட்டத்தில், ஏறத்தாழ 310 ஏக்கரில் பரந்துள்ள அக்குளம் 2022ஆம் ஆண்டு தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது.

முதல் ஒரு மணி நேரம் துணையேதுமின்றிக் கரையில் உலவினோம். வெண்மையாய் நின்றதெல்லாம் கொக்கு, நீந்தியதெல்லாம் வாத்து என்ற அளவில் நமது ஞானம் நின்றது. பின்னர், அறிமுகமான ஒருவர் மூலம் பக்கத்துக் கிராமத்து இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்ப்பவர். சிறு வயது முதல் அக்கரையிலேயே வளர்ந்தவர். மூன்று மணி நேரத்திற்கு ரூ. 500 கேட்டார்.

“பறவை சும்மாதானே பறக்குது? அதைக் காட்டறதுக்கு ஐந்நூறா? இருநூறு வாங்கிக்கோ தம்பி” என்றார் நம்முடன் வந்த மூத்த நெசவாளர்.

அக்குரலை நாம் பலமுறை கேட்டதுண்டு. சேலையைப் புரட்டிப் பார்த்து, “நூல் என்ன விலை, இதற்கா இவ்வளவு?” எனக் கேட்கும் தரகரின் குரல் அது. நூலை விரலிடை உருட்டியே அறுபதா எண்பதா எனக் கூறும் அப்பெரியவர், தாம் நாற்பதாண்டு கற்றதற்கு விலையுண்டு என்பதைச் சங்கக் கூட்டந்தோறும் வற்புறுத்துபவர். பிறர் கற்றதற்கு விலையில்லை என்பது எந்த நியாயம்? கேட்ட தொகையோ, தலைக்கு 42 ரூபாய்க்கும் குறைவு.

நாம் இடைப்பட்டு, கேட்டதைத் தர ஒப்பினோம். இளைஞர் முதலில் செய்தது, எங்களைக் கதிரவனுக்கு முதுகு காட்டி நிற்கச் செய்ததே. அதுவரை எதிர்வெயிலில் நிழலுருவங்களையே கண்டிருந்தோம். வெள்ளைச் சட்டைக்காரரைப் பின்னே நிறுத்தினார். (நம் ஊர் வெள்ளைப் பனியன் உலகெங்கும் விலை போகிறது; பறவைக்கு மட்டும் பிடிப்பதில்லை.) ‘வாத்து’ என்று நாம் ஒதுக்கிய கூட்டத்தில் தட்டைவாயன், ஊசிவால் வாத்து, வாத்தே அல்லாத நாமக்கோழி என மூன்று இனங்களைப் பிரித்துக் காட்டினார். பின்னர், தலையில் இரு கரும்பட்டைகளுடைய வரித்தலை வாத்துகளைச் சுட்டினார். நடு ஆசியாவில் இனம்பெருக்கி, இமயத்தைக் கடந்து வருபவை அவை. பேரம் பேசிய பெரியவரே அவற்றைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். கேள்விகளும் அவரே மிகுதியாகக் கேட்டார்.

கைப்பேசியே பெயர் கூறிவிடுமே என்பர் சிலர். பெயர் கூறும், எந்தத் திருப்பத்தில், எந்த நேரத்தில் நிற்க வேண்டுமென்று கூறாது.

பிற மாநிலங்கள் இதில் நமக்கு முன் சென்றுவிட்டன. ராஜஸ்தானத்துப் பரத்பூரில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்களே பறவைகளைக் கற்று வழிகாட்டுகின்றனர். மணிக்கணக்கில் கட்டணமும் உண்டு. ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையிலுள்ள மங்களாஜோடியின் கதை இன்னும் பெரிது. பறவைகளைக் கொன்று விற்றுப் பிழைத்த ஊர் அது. 2000ஆம் ஆண்டையொட்டி வேட்டைக்காரர் பலர் மனம் மாறிக் காவல் குழு அமைத்தனர். இன்று அவர்களே படகு செலுத்தி, வருவோர்க்குப் பறவை காட்டுகின்றனர். 2018இல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் விருதும் அவ்வூரின் முயற்சிக்குக் கிட்டியது. உயிருள்ள பறவையால் வரும் ஊதியம் நிலைத்ததாலன்றோ அங்கே வலை சுருட்டப்பட்டது?

நமக்கோ வேறொரு கடனும் உண்டு. சாயநீரால் நொய்யல் பட்ட பாட்டையும், 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் எவரும் மறந்திரார். நீர் கெட்டபோது முதலில் இழந்தவர்கள் கரையோரத்து மக்களே. நீர் தேறும்போது முதல் ஊதியமும் அவர்களுக்கே சேர வேண்டுமென்பது நமது துணிபு.

எனினும், கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கச் சொல்லவில்லை. படம் எடுப்பதற்காகப் பறவைகளை எழுப்பிவிடுபவரையும், கூட்டருகே அழைத்துச் செல்வேன் என்பவரையும் அமர்த்துதல் தகாது. தொகையை முன்னரே பேசி முடிவு செய்து, முழுமையாகக் கொடுக்க வேண்டும். போகும்போது கையில் திணிக்கும் இனாமாக அல்ல. கரையோர இளைஞர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துக் கட்டணத்தை அறிவிப்பார்களாயின் இருதரப்புக்கும் நலம். 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் அதற்கு இடந்தருகிறது. பதிவு மனு எழுத உதவி வேண்டுவோர்க்கு நாம் மகிழ்ந்து துணை செய்வோம்.

அன்றைய செலவை எத்தலைப்பில் எழுதுவதென்று காரியதரிசி வினவினார். அன்பளிப்பு என்று எழுதியிருந்ததை அடித்து, கூலி என எழுதச் செய்தோம். வலசைப் பறவைகள் பெரும்பாலும் மார்ச்சு வரையே தங்கும். செல்ல விரும்பும் சங்கத்தார் விடியற்காலையில் கரையை அடையுமாறு புறப்படுவது நலம்.