பேசாத குழந்தையை எந்த மொழியில் சோதிப்பது?

இரண்டு வயது நிறைந்தும் குழந்தை பேசவில்லை என்ற கவலையோடு தாய் ஒருத்தி அங்கன்வாடிப் பணியாளரிடம் வருவது அரிய நிகழ்ச்சியன்று. "தாய்மாமனும் நாலு வயதில்தான் பேசினான், பொறுத்துப் பார்" என்பதே அவளுக்குச் சுற்றத்தார் கூறும் விடை. நாவில் வசம்பு உரைத்துத் தடவுவாரும் உளர். வசம்பினால் பேச்சு வருவதில்லை. பொறுத்திருப்பதனால் காலம் கழிகிறது. ஆறு மாதத்திற்குள் செவிக்குறை கண்டறியப்பட்டுப் பயிற்சி பெற்ற குழந்தைகள், காலந்தாழ்த்திக் கண்டறியப்பட்டவர்களைவிட மொழித்திறனில் மேம்பட்டிருந்தனர் என்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்த ஆய்வு 1998ஆம் ஆண்டிலேயே காட்டியது. எனவே முதலில் செய்யவேண்டுவது செவிச் சோதனை. காதில் அடிக்கடி சீழ் வடியும் குழந்தையை இதில் மறந்துவிடலாகாது.

இதுவரை எல்லா ஊருக்கும் பொருந்தும். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, இடுக்கியின் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு போன்ற எல்லைப் பகுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது, தமிழ் பேசும் குடும்பங்கள் பல கேரளத்தில் அமைந்தன. அவற்றின் குழந்தையைச் சோதிப்பவர் மலையாளத்தில் சோதிக்கிறார்.

மருத்துவம் என் தொழில் அன்று. மொழிபெயர்ப்பே என் தொழில். ஆயினும் இச்சிக்கல் என் தொழிலுக்கு உரியது என்றே கருதுகிறேன். மேசைமேல் ஒரு குவளை நீரை வைத்து, "வெள்ளம் எவிடெ?" என்று கேட்டால், தமிழ் மட்டுமே பேசும் வீட்டுக் குழந்தை விழிக்கும். தண்ணீர் என்றால் அதற்குத் தெரியும். வெள்ளம் என்றால் தெரியாது. 'சொல்வதைப் புரிந்துகொள்ளவில்லை' என்று தாளில் பதிவாகிவிடும். பக்ஷணம் என்பதன் முதலெழுத்தை மலையாளத்தில் மூச்சழுத்தத்தோடு ஒலிப்பர். தமிழ்க் குழந்தை வெறும் பகரமாக ஒலிப்பது குறையாகாது. இதற்கு மாறான பிழையும் நேரும். மலையாளத்தில் அம்மை வந்தாலும் மாமன் வந்தாலும் நாய் வந்தாலும் 'வந்நு' என்பதே வினை. தமிழிலோ வந்தாள், வந்தான், வந்தது என்று விகுதி மாறவேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை யாவர்க்கும் வந்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அது கவனிக்கத்தக்க செய்தி. மலையாளச் செவிக்கு அது புலப்படாது. ஆக, குறையில்லாத பிள்ளைக்குக் குறை கூறப்படுவதும், குறையுள்ள பிள்ளை தப்பிவிடுவதும் ஒரே காரணத்தால் நேர்கின்றன.

இதைவிடத் தீங்கானது, "வீட்டிலும் மலையாளமே பேசுங்கள், இரு மொழி குழந்தையைக் குழப்பும்" என்னும் அறிவுரை. நல்லெண்ணத்தோடுதான் சொல்லப்படுகிறது; ஆசிரியர்களும் சொல்கின்றனர். ஆனால் இரு மொழி கேட்டு வளர்வதனால் பேச்சு தடைப்படுவதில்லை என்பது ஆராய்ச்சியாளர் பலர் கண்ட முடிவு. இரு மொழியிலும் குழந்தை அறிந்த சொற்களைச் சேர்த்தெண்ணுவதே முறை. தடுமாறும் மலையாளத்தில் பேசத் தொடங்கிய தாய் குறைவாகவே பேசுவாள், கதை சொல்லமாட்டாள், தாலாட்டும் நின்றுவிடும். பேச்சுக் குறையுள்ள குழந்தைக்கு மிகுதியாக வேண்டியதும் அதுவேயன்றோ?

பள்ளியில் மலையாளம் வேண்டாவா என்று கேட்கலாம். வேண்டும்; முதல் மொழி ஊன்றிய பின் இரண்டாவது வந்து சேரும். பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாதே என்பது இதைவிட வலுவான தடை. ஆனால் வாரத்திற்கு ஒரு மணி நேரம் குழந்தையோடு இருப்பவர் அவர். எஞ்சிய நேரம் முழுவதும் இருப்பவர் தாயும் பாட்டியும். சென்னையில் 1969இல் தொடங்கப்பெற்ற பால வித்யாலயா என்னும் பள்ளியில், செவிக்குறையுள்ள சிறுகுழந்தையோடு தாயும் வந்து கற்பது வழக்கம். பயிற்சியாளர் செய்துகாட்டுவதைத் தாய் தமிழில் செய்யலாம். இடையில் நின்று உதவ, இரு மொழியும் அறிந்த பணியாளர் ஒருவர் போதும். எல்லைப்புறத்தில் அத்தகையோருக்குப் பஞ்சமில்லை. கேரளத்தில் 2012இல் தொடங்கிய சுருதிதரங்கம் திட்டம் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்த உதவியது. கருவி ஒலியைத் தரும். மொழியை வீடுதான் தரவேண்டும்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றியும் கூறவேண்டும். 'பேச்சுச் சிகிச்சை' என்று எழுதுவதை நான் விட்டுவிட்டேன். சிகிச்சை என்றால் மருந்தோ ஊசியோ என்று பெற்றோர் எண்ணுகின்றனர். இரு முறை சென்றும் பேச்சு வராவிடில் நிறுத்திவிடுகின்றனர். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி இழப்பு. அவளைக் குறை கூறுவதற்கில்லை. 'பேச்சுப் பயிற்சி' என்றால் நாள்தோறும் செய்யவேண்டியது என்பது சொல்லிலேயே விளங்கும்.

சிறார் உடல்நலத்திற்காக 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தில், மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களுக்கு வகை செய்யப்பட்டது. அம்மையத்திற்குக் குழந்தையை அனுப்பும் சீட்டில் வயதும் எடையும் எழுதுகிறோம். அவற்றோடு வீட்டில் பேசும் மொழி எது, பகலில் குழந்தை யாரிடம் இருக்கிறது, அது சொல்லும் சொற்கள் எவை என்பவற்றையும், அச்சில் இடமில்லாவிடினும் சீட்டின் பின்புறத்தில் எழுதி அனுப்பலாம். சொற்களைக் குழந்தை சொல்லும் வண்ணமே எழுதுக, திருத்தி எழுதலாகாது.