எந்தக் கண்டத்தில் இருக்கிறது மேலவளவு?

கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலையடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ‘அங்கெல்லாம் ஜனநாயகம் இன்னும் வேர் பிடிக்கலப்பா’ என்று டீக்கடையில் சொல்லிவிட்டோம். சரி, நத்தம் தாண்டினால் மேலூர் வட்டம். அங்கே மேலவளவு. அது எந்தக் கண்டம்?

1996இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலில் மனுக்கள் வாபஸ். பிறகு வாக்குப்பெட்டிகள் சூறை. கடைசியில் போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். 1997 ஜூன் 30இல் மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்த் திரும்பிய பஸ்ஸை மறித்து, பட்டப்பகலில் அவரோடு சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். அவர் தலையைத் தனியே அறுத்தெடுத்துப் போனார்கள்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் அரிவாளுக்கே வேலையில்லை. மனுப்போட ஆளிருக்காது, போட்டு ஜெயித்தவர் உடனே ராஜினாமா. 2006 வரை பத்து வருசம் இதே கூத்து.

ஒரு நாற்காலிக்கு ஏன் இத்தனை வெறி? கண்மாய் மீன் குத்தகை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாத்துக்கும் அந்தக் கையெழுத்து வேணும். கைகட்டி நின்றவன் கையெழுத்துப் போடுவதா? அம்புட்டுதான் விசயம்.

இத்தனைக்கும் கோட்டையில் ஆட்சி கவிழவில்லை, ராணுவம் வரவில்லை. இதற்குப் பெயர் நிலையான ஜனநாயகம். யாருக்கு நிலையானது? 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. 2019இல் அவர்களில் 13 பேரை அரசே முன்கூட்டி விடுவித்தது.

தோழர்களே, ஜூன் 30இல் மாலை போடுவதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் ஒன்றியத்தில் தனி ஊராட்சிகளுக்குப் போய்ப் பாருங்கள்: தலைவர் நாற்காலியில் உட்கார்கிறாரா? காசோலையில் கையெழுத்து அவர் மனசறிந்து போட்டதா? ஜனநாயகத்தை அங்கே அளப்போம்.