முகமூடிக்கு அதிகாரம் தந்தவர் யார்?

வட்டகொடை புகையிரத நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடை. சம்பள விடயமாகப் பேசுவதற்கென்று சென்ற ஞாயிறன்று தோட்டத்து இளைஞர் சிலரை அங்கு அழைத்திருந்தேன். வந்தார்கள், பேசினார்கள், ஒரு மணி நேரம் பேசினார்கள். ஆனால் பேசியது சம்பளத்தைப் பற்றியன்று, லோகேஷ் கனகராஜின் படங்களைப் பற்றி!

2019 இல் வந்த ‘கைதி’யின் போதைப்பொருட் கும்பல், 2022 இல் வந்த ‘விக்ர’மின் முடிவில் ரோலெக்ஸ் என்பவன் முன் கைகட்டி நிற்கிறது. 1986 இல் இராஜசேகர் இயக்கிய பழைய ‘விக்ர’மின் உளவு அதிகாரியே நரைத்த தாடியுடன் புதிய படத்தில் திரும்பி வருகிறார். 2023 இன் ‘லியோ’ முடிவில் தொலைபேசியில் ஒலிப்பதும் அவர் குரலே. இவற்றையெல்லாம் அவ்விளைஞர்கள் சாட்சியம் அடுக்குவதுபோல் அடுக்கினர்.

‘வேலையற்ற பேச்சு’ என்று முகஞ்சுளிப்பாரும் நம்மிடை உளர். எம்.ஜி.ஆர். படத்துக்காக மலையிறங்கி அட்டன் வரை நடந்த தலைமுறைக்கு அப்படிச் சொல்ல உரிமை ஏது? ஒரு படத்தில் கண்ட தடயத்தை மறு படத்தில் தேடிப் பிடிப்பது மூளைக்கு நல்ல பயிற்சி. எங்கள் தொழிலில் அதற்குத்தான் கட்டணம் வாங்குகிறோம்.

நிற்க. என் வழக்கு வேறு. இத்தனை தொடர்புகளைக் கண்டுபிடித்தவர்கள், மூன்று படங்களையும் ஊடுருவிச் செல்லும் ஒரு தொடர்பை மட்டும் காணவில்லை. அது சட்டம் செயலற்றுக் கிடப்பது! ‘கைதி’யில் காவல் அதிகாரிகள் மயங்கிக் கிடக்கின்றனர், பத்தாண்டுச் சிறை கழித்தவன் இயந்திரத் துப்பாக்கியால் நியாயம் வழங்குகிறான். ‘விக்ர’மில் முகமூடி அணிந்தோர் குற்றஞ் சாட்டுகின்றனர், தீர்ப்பளிக்கின்றனர், தண்டனையையும் தாமே நிறைவேற்றுகின்றனர். ‘லியோ’வில் மட்டும் நீதிமன்றம் ஒன்று தலைகாட்டுகிறது. தற்காப்புக்காகக் கொன்றவனை அது முறையாக விடுவிக்கிறது. அவ்வளவுதான், பத்திரிகையில் வந்த அவன் படம் பழம் பகையை வாசலுக்கு அழைத்து வர, மீண்டும் வெட்டுங் குத்துமே!

‘சினிமாதானே, சேர்?’ என்றான் ஒரு தம்பி.

சினிமாதான். ஆனால் கைதட்டுவது யார்? இந்நாட்டுத் தமிழன்! 1979 இல் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று பெயர் சூட்டி வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டதை அறிந்தவன். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் ‘அளித்த’ வாக்குமூலம் நீதிமன்றில் சான்றாகும் என்ற விதியால், மலையகத்துப் பிள்ளைகளும் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்ததைக் கண்டவன். முகமூடியிட்ட தலையாட்டியின் முன் வரிசையில் நிறுத்தப்பட்டவனும், வெள்ளை வானில் வந்தவர்களின் பெயர் அறியாதவனும் நம்மவனே. அவனா முகமூடிக்குக் கைதட்டுவது? அந்த முகமூடிக்குப் பின்னால் நல்லவரே இருப்பார் என்று எவர் பிணை நின்றார்? கமலஹாசன் இருந்தால் நமக்குக் களிப்பு. வேறொருவன் இருந்தால்?

இயக்குநர்மீது முழுப் பழியையும் சுமத்த மாட்டேன். அவரே ‘கைதி’யில் நெப்போலியன் என்றொரு கான்ஸ்டபிளைப் படைத்தார். திருச்சி ஆணையர் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த முதல் இரவிலேயே, ஓட வழியிருந்தும் ஓடாமல், சில கல்லூரி மாணவரைத் துணைக்கொண்டு கதவுக்கு மேசை நாற்காலிகளை முட்டுக் கொடுத்து நிற்கும் எளிய மனிதர். உள்ளே 900 கிலோ போதைப்பொருள். வெளியே அதை மீட்கவந்த கூட்டம். அவரிடம் முகமூடியில்லை, இரகசியப் படையில்லை. சீருடையும் கடமையுணர்வுமே உண்டு. அவரே ‘லியோ’வில் இமாசலம் சென்று இன்னொரு குடும்பத்துக்குக் காவல் நிற்கிறார். இம்மூன்று படங்களின் இணைப்புகளில் என் மனத்தைத் தொட்டது இது ஒன்றே. ஜார்ஜ் மரியான் என்ற அந்நடிகர் நீடு வாழ்க!

அன்று ரோலெக்ஸுக்காக மேசையைத் தட்டியவர்களில் ஒருவரும் நெப்போலியன் பெயரைச் சொல்லவில்லை. நானே சொன்னேன். சிரித்தார்கள். பிறகு ஒருவன், ‘அந்த மனுசன் நம்ம தோட்டத்து வாச்சர் மாதிரி’ என்றான். அங்கிருந்துதான் பேச்சு சம்பளத்துக்குத் திரும்பியது. வருகிற ஞாயிறும் அதே கடையில் இருப்பேன். ரோலெக்ஸ் கட்சிக்காரரும் வரலாம்.