சாலை நடுவே ஒரு வீடு

சென்ற திங்கள் நம் சங்கச் சிறுவர் கூட்டத்தில் நாம் ஒரு கதை சொன்னோம். இங்கிலாந்தில் ஓர் உழவர் தம் வீட்டை விற்க மறுத்தாராம். அரசு பணிந்து, பெருஞ்சாலையை இரண்டாகப் பிளந்து அவ்வீட்டைச் சுற்றிப் போட்டதாம். சிறுவர் கைதட்டி மகிழ்ந்தனர். பின்னர் ஆராய்ந்ததில் கதை பிழையென அறிந்தோம். பிழையைத் திருத்துவது நம் கடன்.

அச்சாலை எம் 62 எனப்படும். மேற்கே லிவர்பூல் அருகே தொடங்கி, மான்செஸ்டர், லீட்ஸ் நகரங்களை ஒட்டிக் கிழக்கே ஹல் துறைமுகத்தை நோக்கிச் செல்வது; நீளம் ஏறத்தாழ 107 மைல். பருத்தி ஆலைகளால் புகழ்பெற்ற லங்காஷயருக்கும் கம்பளிக்குப் பேர்போன யார்க்ஷயருக்கும் இடையே பென்னைன் மலைத்தொடர் மதிலென நிற்கின்றது. பனிக்காலத்தில் பழைய மலைப்பாதைகள் அடைபட்டுவிடும். அத்தொல்லை தீரவே 1960களிலும் 1970களிலும் இச்சாலை அமைந்தது. மலைமேல் 1,221 அடி உயரம் வரை இது ஏறுகின்றது. இங்கிலாந்தின் மோட்டார் சாலைகளில் இதனினும் உயர்ந்த இடம் வேறில்லை.

மலைமேல் பணி எளிதன்று. மக்கிய பாசியும் புல்லும் நீரைக் குடித்துச் சேறாய்க் கிடந்தன. அதனை வாரியெடுத்துக் கெட்டியான பாறையைக் கண்ட பின்னரே சாலையிட முடிந்தது. ஸ்கேமண்டன் பள்ளத்தாக்கிலோ சாலை செல்லும் கரையே நீர்த்தேக்கத்தின் அணையுமாயிற்று. ஒரே கல்லில் இரு மாங்காய்! 1971இல் எலிசபெத் அரசியார் அதனைத் திறந்து வைத்தார்.

அதற்கு அண்மையிலேதான் அவ்வீடு உள்ளது. ஸ்டாட் ஹால் பண்ணை என்பது பெயர். 18ஆம் நூற்றாண்டில் கட்டப்பெற்றது. போகும் வண்டிகள் ஒருபுறமும் வரும் வண்டிகள் மறுபுறமும் விரைய, நடுவே ஆடுகள் மேய்கின்றன. ஆனால் வீட்டைக் காத்தது உழவரின் பிடிவாதமன்று. அவர் குடியிருந்தவரே அன்றி நிலத்துக்கு உடையவர் அல்லர். விற்கவோ மறுக்கவோ அவருக்கு உரிமையே இல்லை. சரிவான அந்நிலத்தின் அமைப்பு, இருவழிகளையும் அருகருகே ஒரே மட்டத்தில் கொண்டுசெல்ல இடந்தரவில்லை. ஆகவே பொறியியலார் அவற்றைப் பிரித்தனர். இடையில் வீடு தப்பியது.

எளியவர் வென்றார் என்னும் கதையை நெஞ்சம் விரும்புவது இயல்பே. சொந்த ஊரில் வீட்டை விட்டு வந்த நமக்கு அது இன்னும் இனிக்கின்றது. எனினும் இனிக்கின்றது என்பதனால் பொய் மெய்யாகிவிடாது. அடுத்த கூட்டத்தில் சிறுவர்க்கு மெய்க்கதையைச் சொல்வோம். மண்ணின் குணமறிந்து சாலை வளைந்த அக்கதையும் சுவையிற் குறைந்ததன்று.