துவாக்குடி வீட்டுக்கு லண்டன் வெயில் எதற்கு?

ஃபிளாட் விளம்பரங்களில் வரும் 3டி படங்களைக் கவனித்திருப்பீர்கள். வெளிர்நீல வானம், ஜன்னல் வழியே சாய்வாக வந்து சோபாவில் விழும் இளமஞ்சள் வெயில், தரையில் நீண்ட நிழல். பார்க்க சூப்பர்தான். ஆனால், வீடு வரப்போவது துவாக்குடியில். அங்கே பகல் இப்படியா இருக்கும்?

லண்டனில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் அங்கே பட்டப்பகலிலும் நிழல் நீளும். துவாக்குடி இருப்பதோ சுமார் 10.8 டிகிரி வட அட்சரேகையில். அதே டிசம்பரில் இங்கே நண்பகல் சூரியன் ஏறக்குறைய 56 டிகிரி உயரத்தில் இருக்கும். ஏப்ரல் 18, ஆகஸ்ட் 25 தேதிகளை ஒட்டி நேராக உச்சிக்கே வந்துவிடும். ‘நிழலில்லா நாள்’ என்கிறோமே, அதுதான். இடைப்பட்ட நான்கு மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும்.

படத்தில் வெயில் மாறினால் என்ன போச்சு?

நிறையவே போகும். மேற்கு பார்த்த படுக்கையறை, 4 அடி உயர ஜன்னல், அதன் மேல் விளிம்பை ஒட்டி 2 அடி சன்ஷேட் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் மேற்கே 35 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்த சன்ஷேட் சுமார் 1.4 அடிக்குத்தான் நிழல் தரும். மீதி ஜன்னல் முழுக்க வெயில் உள்ளே வரும். அதை ஏ.சி. போட்டுத்தான் சமாளிக்க வேண்டும், மாதாமாதம் கரண்ட் பில்லோடு. இளவெயில் படம் இதைக் காட்டவே காட்டாது.

சரியாகக் காட்டுவது கஷ்டமும் இல்லை. ஸ்கெட்ச்அப், பிளெண்டர் போன்ற மென்பொருள்களில் ஊர், தேதி, நேரம் கொடுத்தால் சூரியன் தானாக இடத்தில் வந்து நிற்கும். வேறெங்கோ எடுத்த வானப் படத்தைப் பின்னணியில் ஒட்டி, சூரியனை அழகுக்காகச் சுழற்றுவதுதான் சிக்கல். வடக்கு எந்தப் பக்கம் என்பதே அதில் தொலைந்துவிடுகிறது.

விளம்பரத்தில் உள்ள பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்கிறது 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆவது பிரிவு. சதுர அடி பொய்யானால் டேப் வைத்து அளந்து நிரூபிக்கலாம். வெயிலை எப்படி நிரூபிப்பது?

இளவெயில் படமே கூடாது என்று சொல்லவில்லை. காலை 6.30 மணிக்கு துவாக்குடியும் அழகுதான். ஒவ்வொரு பகல் படத்துக்குக் கீழும் மாதம், மணி, திசை மூன்றையும் போடட்டும், அது போதும். கூடவே, ஏப்ரல் மாலை 4 மணிப் படம் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் நீங்களும் அதைக் கேளுங்கள். தர மறுத்தால், அந்த ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.