'ஓய்வு' என்னும் இடக்கரடக்கல்

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்தைக் கடந்தால் எழும்பூர் ஹாக்கி அரங்கம். அங்கே கூடும் பழைய ரசிகர்களிடம் 'அணித்தேர்வு' என்று சொல்லிப்பாருங்கள், கொதிப்பார்கள். கொதிக்கத்தான் வேண்டும்.

1998 பாங்காக் ஆசிய விளையாட்டில், தன்ராஜ் பிள்ளையின் தலைமையில், 32 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் கிடைத்தது. தமக்குரிய படியைக் கேட்டுக் குரலெழுப்பிய அவரும் மூத்த வீரர்கள் சிலரும் அடுத்த தொடரில் இல்லை. பயிற்சியாளர் கௌசிக்கும் நீக்கப்பட்டார். 'ஓய்வு' என்றது நிர்வாகம். இலக்கணம் இதனை இடக்கரடக்கல் என்னும்.

கட்டுப்பாடு வேண்டாமா என்பர். வேண்டும், அது வீரனுக்கு மட்டும்தானா? தோற்ற பயிற்சியாளரை விரட்டும் உலகில், வென்றவரை விரட்டிய பெருமை நமது. 2008-இல், 80 ஆண்டுகளில் முதன்முறையாக, ஒலிம்பிக் தகுதியே கைநழுவிற்று. 2021, 2024 ஒலிம்பிக் வெண்கலங்கள் மகிழ்ச்சி தருபவை; ஆயினும் அவை பழைய அநீதியை நியாயமாக்கிவிடா.