ஒரு ரூபாக் குற்றி செய்த வேலை



கிளிநொச்சிப் பக்கம் நான் அடிக்கடி போய்வரும் வீடு ஒன்று உண்டு. அந்த அக்கா ஒரு பழைய சிறிய காரை வாடகைக்கு ஓட்டுகிறார். காலையில் பள்ளிப் பிள்ளைகள், பிறகு கிளினிக் போகும் தாய்மார், இரவில் அவசரத்துக்கு யார் அழைத்தாலும் அவர்தான். கணவர் 2009 இல் காணாமற்போனவர். மூன்று சீவன்களுக்கு அந்தக் கார்தான் சோறு போடுகிறது.

சென்ற முறை போனபோது அவரது முகம் வாடியிருந்தது.

"மிஸ், காரிலை போன் சார்ஜ் ஏறுதில்லை. றேடியோவும் பாடுதில்லை. கராஜிலை கேட்டால் வயரிங் முழுக்க மாத்த வேணுமாம், இருபத்தையாயிரம் வருமாம். காப்பை அடைவு வைப்பமோ எண்டு யோசிக்கிறன்."

காப்பைவிட வேறொன்றுதான் அவரை வருத்தியது. யாழ்ப்பாணம் போய்த் திரும்பிய ஒரு மாலை, வழியிலேயே போன் அணைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அயலில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. அவர்கள் வேறு வாகனம் பிடித்துப் போய்விட்டார்கள். தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் "உங்களைத்தானே நம்பி இருந்தம்" என்று அவர்கள் சொன்னது இவருக்குள் கிடந்து குத்துகிறது.

நான் படித்தது சமூகவியல், மின்னியல் அல்ல. எனினும் வாகனத்திலேயே திரிகிற வேலை என்பதால் சாரதிமாரிடம் கேட்டுக் கேட்டுச் சில விடயங்களைப் பழகியிருக்கிறேன். அக்காவிடம் முதலில் கேட்டது, சார்ஜரை வேறு வாகனத்தில் போட்டுப் பார்த்தீர்களா என்பது. பார்த்திருக்கிறார், அதில் வேலை செய்கிறது. சாவியை 'ஏ.சி.சி.' என்ற இடத்துக்குத் திருப்பினால்தான் பெரும்பாலான கார்களில் றேடியோவுக்கும் சார்ஜ் குழிக்கும் மின் வரும். அங்கே திருப்பியும் இரண்டும் பேசாமல் இருந்தன. ஆனால் ஹோர்ன் அடிக்கிறது, லைற் பிரகாசமாக எரிகிறது, ஒரே முறுக்கில் ஸ்ரார்ட் ஆகிறது. அப்படியானால் பற்றரியில் குறையில்லை. றேடியோவும் சார்ஜ் குழியும் மட்டும் ஒன்றாக நின்றதென்றால், இரண்டுக்கும் பொதுவான பியூஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சாவியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்ரேறிங்கின் கீழே குனிந்து தேடினோம். பியூஸ் பெட்டியின் மூடியின் உட்பக்கத்திலேயே எது எதற்குரியது என்று படம் போட்டிருந்தது. உரியதை மெல்லப் பிடுங்கி வெயிலுக்கு நேரே பிடித்தோம். நீல நிறம், 15 அம்பியர். உள்ளே வளைந்து நிற்கும் மெல்லிய கம்பி நடுவில் அறுந்திருந்தது. "இவ்வளவுதானே மிஸ்?" என்றார் அக்கா. இவ்வளவுதான். ஆனால் உடனே புதியதைப் போடக்கூடாது. பியூஸ் சும்மா போகாது. எங்கோ மின் குறுக்கு வழியில் ஓடியிருக்கிறது.

ரோச் லைற்றை சார்ஜ் குழிக்குள் அடித்துப் பார்த்தோம். அடியில் ஒரு ரூபாக் குற்றி ஒன்று, விளிம்பு கருகிக் கிடந்தது! பள்ளிப் பிள்ளை ஒன்று போட்டிருக்க வேண்டும். சார்ஜரைச் செருகியபோது அது குழியின் நடு முனையையும் பக்கச் சுவரையும் ஒன்றாகத் தொட்டிருக்கிறது. பியூஸ் கழற்றிய நிலையிலேயே தடிக்குச்சியால் தட்டி வெளியே எடுத்தோம். அதே 15 அம்பியர் பியூஸ் புதிதாக வாங்க நூறு ரூபாவும் முடியவில்லை. கராஜ்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் மூடியைத் திறந்தே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பியூஸ் கிடைக்கவில்லை என்று சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ செப்புக் கம்பியையோ வைத்துக் கட்டாதீர்கள். 15 இருந்த இடத்தில் 30 போடாதீர்கள். அறுந்து காப்பாற்ற வேண்டியது அறுக்காமல் நின்றால் வயர் சூடேறி எரியும். இப்படிக் கம்பி சுற்றிய வான் ஒன்றில் நான் இருந்திருக்கிறேன். ரப்பர் கருகும் மணம் வந்து, ஆறு பெண்கள் தெருவில் குதித்தோம். புதிய பியூஸும் உடனே போனால் எங்கோ வயர் உரசித் தோல் போயிருக்கலாம். அப்போது வாகன மின் வேலை தெரிந்தவரிடம் போய், "இந்தப் பியூஸ் இரண்டு தரம் போனது, காரணத்தைக் கண்டுபிடியுங்கோ" என்று கேளுங்கள். இப்படிக் கேட்கிற பெண்ணிடம் முழு வயரிங் கதையை எடுக்க யோசிப்பார்கள்.

2022 இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்கில் காத்திருந்தோம் அல்லவா? மின்வெட்டும் சேர்ந்த அந்தக் காலத்தில் இயந்திரத்தை நிறுத்தி, சாவியை ஏ.சி.சி.யில் விட்டு, றேடியோவும் கேட்டுப் போனும் ஏற்றிப் பற்றரியைச் சாகடித்தவர்கள் எத்தனை பேர்! அது பியூஸ் குற்றமல்ல. இயந்திரம் ஓடினால்தான் பற்றரி நிரம்பும்.

"பொருளாதாரத் தடை நேரம் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி டைனமோவிலை செய்தி கேட்டனாங்கள். சுத்துறதை விட்டால் செய்தி நிண்டிடும். உதுவும் அதுதானே மிஸ்?" என்றார் அக்கா. அதேதான்.

கருகிய குற்றியை மறுநாள் காலை காரில் ஏறிய பிள்ளைகளுக்குக் காட்டினாராம். ஒருவரும் தன்னுடையது என்று சொல்லவில்லை.